தொட்டமனி

எஸ்.பி. ரோட்டில் ஏழாயிரத்து இருநூறுக்குப் படிந்தது:
பழைய கணினி ஒன்று, அதோடு ஒரு பிரிண்டர்,
கொசுறாகப் பதினைந்து மீட்டர் நீல வயர்.
‘ரெண்டும் ஒரே வீட்டுச் சரக்கு மேடம், பிரிக்காதீங்க’
என்றான் கடைப்பையன்,
சம்பந்தம் பேசுகிற தொனியில்.

லிங்கராஜபுரம், மூன்றாவது மாடி.
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது
எங்கள் அக்ரிமெண்டில் ஒன்பதாவது ஷரத்து.
ஆகவே வயர்
ஹாலிலிருந்து படுக்கையறைக்குத் தரையோடு போனது,
பாய்க்கு அடியில் புகுந்து
பீரோ காலைச் சுற்றிக்கொண்டு
வாசற்படியில் செலோடேப்புக்குக் கீழே குறுக்கே படுத்து.
அருளப்பன் மூன்று முறை தடுக்கினார்.
நான்காம் முறை தாண்டப் பழகிவிட்டார்.

மற்றது என் வேலை.
இரண்டு இயந்திரமும் ஒரே குழுப்பெயரைச் சொல்ல வேண்டும்.
ஓர் எழுத்து பிசகினாலும்
அடுத்தடுத்த அறையில் இருந்துகொண்டே
ஒன்றின் முகத்தை ஒன்று பார்க்காது.
அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.
நானும் அவரும் அந்த வாரம்
பெனிட்டாவின் வழியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

முதல் நாள் காணவில்லை.
இரண்டாம் நாளும் காணவில்லை.
ஃபயர்வாலை அணைத்தேன், ரூட்டரை அணைத்தேன்,
ஒரு தடவை ஃபேனைக்கூட அணைத்துப் பார்த்தேன்.
மூன்றாம் நாள் ராத்திரி பத்தே முக்காலுக்கு
என் திரையில், என் பெயருக்குக் கீழே
அழைக்காமல் வந்து உட்கார்ந்தது ஒரு பெயர்:
தொட்டமனி.

கன்னடத்தில் பெரிய வீடு என்று பொருளாம்,
கீழ்வீட்டு விமலாக்ஷி பிற்பாடு சொன்னார்.
அன்றைக்கு அது தெரியாது.
பிரிண்டரைச் செருகிவிட்டு
இந்த அறையிலிருந்து ஒரு சோதனைத் தாள் அனுப்பினேன்.
அந்த அறையில் அது செருமியது, இருமியது,
வெகுநாள் வாய் திறக்காதவர் மாதிரி.
வந்தது என் தாள் இல்லை.

எனக்கு முன்னால் வரிசையில்
மூன்று வருஷமாக ஒரு கடிதம் நின்றிருக்கிறது.

ஐயா, வருகிற முப்பதாம் தேதி வீட்டைக் காலி செய்கிறேன்.
பெயிண்ட் கூலி என்று அட்வான்ஸில்
இரண்டு மாத வாடகையைப் பிடிப்பது நியாயமில்லை.
சுவரில் நான் ஓர் ஆணியும் அடிக்கவில்லை.
குளியலறை ஈரம் நான் வருமுன்பே இருந்தது.
படம் இணைத்திருக்கிறேன்.

மை காய்ந்து வரிக்கு வரி வெள்ளைக் கீறல்.
படம் வருவதற்குள் தாள் தீர்ந்துபோனது.

அருளப்பன் வாங்கிப் படித்தார்.
‘பணம் திரும்பி வந்திருக்குமா?’
பெனிட்டா தூங்கியிருந்தாள்,
என்னைத்தான் கேட்டார்.
‘லெட்டரே வெளியே வரலையே’ என்றேன்.
‘கையால எழுதிக் குடுத்திருப்பான்.’
‘குடுத்திருக்கலாம்.’
அதற்குமேல் கொஞ்ச நேரம்
சிவப்பு விளக்கு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

பேரை மாத்தும்மா என்றாள் காலையில் மகள்.
மாற்றினால் மறுபடி தேட வேண்டிவரும் என்றேன்.
பாதி உண்மை.
‘பொது’ என்று ஒரு ஃபோல்டர் திறந்தேன்,
அனுமதி: எல்லோருக்கும்.
அவளுடைய சூரிய மண்டலம், அவருடைய பி.எஃப். படிவம்,
கூலிக்கு நான் டைப் அடிக்கும் ஊரார் உயில்கள்
எல்லாம் தொட்டமனி வீட்டில் குடியேறின.

போன மாதம் எங்களையும் காலி செய்யச் சொன்னார்கள்.
பெயிண்ட் கூலி, இரண்டு மாத வாடகை.
மசாலா டப்பாவுக்குப் பின்னாலிருந்து
அந்தத் தாளை எடுத்து அப்படியே டைப் அடித்தேன்.
தேதியை மாற்றினேன், பெயரை மாற்றினேன்.
ஆணி வரியில் கைவைக்க அவசியமிருக்கவில்லை.
ஈரமும் அதேதான்.
இந்தத் தடவை தாள் நிறைய வைத்தேன்,
படம் முழுசாக வந்தது.

நீல வயரைச் சுருட்டியபோது பார்த்தேன்:
வாசற்படியில் செலோடேப் இருந்த இடத்தில்
கறுப்பாக, பிசுபிசுவென்று, நீளமாய் ஒரு கோடு.
மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தும் போகவில்லை.

அதற்கும் பிடிப்பார்.